பகல்நேரத் தொடர்: எழுத்து எந்தப் படியில் பழுதாகிறது?

அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களின் எழுத்து சரிந்துவிட்டது என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் வசனத்தைத்தான் பழிக்கிறார்கள். வசனம் எழுதுபவர் கைக்கு வரும்போதே கதை பாதி கெட்டிருக்கும் என்பதுதான் நடப்பு. தினசரித் தொடர் எழுத அமெரிக்கா, பிரிட்டன், பிரேசில் மூன்று நாட்டிலும் மூன்று முறைகள் இருக்கின்றன. அருகருகே வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று பிடிபடும்.

அமெரிக்க முறை: மூன்று படி, மூன்று கை

தலைமை எழுத்தாளர் வரப்போகும் மாதங்களின் கதையை நீண்ட ஆவணமாக எழுதுவார். பிரேக்டவுன் எழுத்தாளர்கள் அதை வாரத்துக்கு ஐந்து எபிசோடாகப் பிரித்து, எந்தக் காட்சியில் யார், எங்கே, எதைத் தெரிந்துகொள்கிறார்கள் என்று வரைவார்கள். வசனம் மூன்றாவது ஆளின் வேலை. கடைசியில் ஸ்கிரிப்ட் எடிட்டர் இழைத்துக் கொடுப்பார். இடைவெளியே இல்லாமல் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 எபிசோட். தனி ஒருவரால் முடியாத அளவு இது. அதனால் வேலையைப் பிரித்ததில் தவறில்லை.

மேல்படியில் உறுதியான ஒருவர் இருந்தால் இந்த முறைக்கு ஈடே கிடையாது. 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' தொடரை வில்லியம் ஜே. பெல் 1973இல் தொடங்கி 1998 வரை தலைமை எழுத்தாளராக நடத்தினார். 25 ஆண்டுக் கதையும் ஒரே மனதில் இருந்ததால், என்றோ விதைத்த ரகசியம் சரியான நேரத்தில் வெடிக்கும். 1962இல் 'கைடிங் லைட்' தொடரில் கருப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கதையாக்கினார் ஆக்னஸ் நிக்சன். 'புற்றுநோய்', 'கருப்பை' என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டு எழுதினார். கதை உறுதியாக இருந்ததால் வசனம் அந்தக் கட்டுப்பாட்டையும் தாங்கிக்கொண்டது.

பழுது மூன்று இடத்திலிருந்து வருகிறது. முதலாவது, நேரம். 1956இல் அரை மணி நேரத் தொடர்கள் தொடங்கின, பின்னர் அதுவே வழக்கமானது. 1975இல் 'அனதர் வேர்ல்ட்' ஒரு மணி நேரமாக நீண்டதும் பல தொடர்கள் பின்தொடர்ந்தன. நிரப்பவேண்டிய நிமிடம் இரட்டிப்பானது, கதை இரட்டிப்பாகவில்லை. இரண்டாவது, பணம். பார்வையாளர் குறையக் குறைய, ஒரு எபிசோடில் எத்தனை நடிகர், எத்தனை செட் என்பதைக் கணக்குப் பிரிவு முடிவு செய்கிறது. ஒப்பந்தப்படி ஒரு நடிகருக்கு வாரத்துக்கு இத்தனை எபிசோட் என்று உறுதி தந்திருந்தால், கதையில் இடம் இல்லாவிட்டாலும் அவரைக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேர் ஒரே வரவேற்பறையில் ஏற்கெனவே நடந்ததைப் பேசும் காட்சி பிறப்பது இப்படித்தான். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட எபிசோடுகளின் காட்சிகளைப் படமாக்குவதால், படப்பிடிப்புத் தளத்தில் மோசமான வரியைத் திருத்தவும் நேரம் கிடைக்காது.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது: தலைமை எழுத்தாளரை அடிக்கடி மாற்றுவது. புதியவர் வருகிறார், பழையவரின் எபிசோடுகள் இன்னும் வாரக்கணக்கில், சில தொடர்களில் மாதக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. அவருக்குப் பிடிக்காத கதை ஒரே வாரத்தில் முடித்துக் கட்டப்படும். சொந்தப் பாத்திரங்கள் உள்ளே நுழையும். 2007 நவம்பரில் தொடங்கி 2008 பிப்ரவரி வரை நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்திலும் பகல் தொடர்கள் நிற்கவில்லை. இடையில் வேறு கைகள் எழுதின. திரும்பி வந்தவர்கள் தாங்கள் விதைக்காததை அறுக்க வேண்டியதாயிற்று.

எந்தப் படியில் குறை என்று பார்வையாளரே கண்டுபிடிக்கலாம். எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசினால் குறை வசனத்தில். திங்கட்கிழமை தெரிந்த செய்தியைப் புதன்கிழமை வரை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் பிரேக்டவுனில். மகனுக்காகச் சிறைக்குப் போன தாய் அவனை யாரோ போல நடத்தினாலோ, ஒரு மாதம் ஓடிய கதை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனாலோ மேல்படியில். முதல் இரண்டையும் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். மூன்றாவதைச் சரிசெய்ய ஓராண்டாவது ஆகும்.

பிரிட்டிஷ் முறை: எபிசோடுக்கு ஓர் ஆசிரியர்

கதைக் கூட்டத்தில் எழுத்தாளர்கள் உட்கார்ந்து வாதாடுவார்கள். கதைக் குழு அதை ஆவணமாக்கும். அதன்பின் ஓர் எபிசோடின் காட்சியமைப்பும் வசனமும் ஒரே எழுத்தாளர் பொறுப்பு. அவரே பலமுறை திருத்தி எழுதுவார். அதனால் எபிசோடுக்கு என்று ஒரு வடிவம் கிடைக்கிறது. 2008 ஜனவரி 31இல் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' ஒரு முழு எபிசோடையும் ஒரே பாத்திரத்தின் பேச்சாக ஒளிபரப்பியது. அமெரிக்க முறையில் பிரேக்டவுன் ஒருவரும் வசனம் ஒருவருமாக இதைச் செய்வது மிகக் கடினம். பி.பி.சி.யின் பகல்நேரத் தொடரான 'டாக்டர்ஸ்' (2000–2024) தொடர்கதையோடு அன்றைக்கே முடியும் நோயாளி கதை ஒன்றையும் சேர்த்தது. புதிய எழுத்தாளர்கள் பழக நல்ல பட்டறை அது. அது நின்றது பெரிய இழப்பு.

குறை இல்லாமல் இல்லை. ஆள் மாற மாற, அதே பாத்திரம் செவ்வாய் ஒரு குணமும் வியாழன் ஒரு குணமும் காட்டும். எண்ணிக்கையும் ஏறியது: 1960இல் வாரத்துக்கு 2 எபிசோடாக இருந்த 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' 2017இல் 6 ஆனது. அமெரிக்கா எந்தப் பசியால் கெட்டதோ, அதே பசி.

பிரேசில் முறை: முடிவு உண்டு

குளோபோ என்ற பிரேசில் தொலைக்காட்சி நிறுவனத்தின் தொடர்கள் வாரம் ஆறு நாள் ஓடி, சில மாதங்களில் முடிந்துவிடும். முதன்மை ஆசிரியர் ஒருவர், அவருக்குக் கீழே சில துணை எழுத்தாளர்கள். ஒளிபரப்பின்போதே எழுதுவதால் பார்வையாளர் வெறுத்த கதையைச் சீக்கிரம் மாற்றலாம். குறையும் உண்டு: நடுப்பகுதி தளர்ந்து ஊதுவதை அங்கே 'பார்ரிகா', அதாவது தொந்தி, என்பார்கள். மேலும், அமெரிக்கத் தொடருக்கு முப்பது ஆண்டு நினைவுதான் சொத்து. அதை இழந்து இந்த முறைக்குப் போவதில் பயனில்லை.

எதைத் தேர்வது?

மேல்படியை அமெரிக்கா போலவும் கீழ்ப்படியை பிரிட்டன் போலவும் வைப்பதே எங்கள் தேர்வு. ஒரு தலைமை எழுத்தாளர், குறைந்தது இரண்டு ஆண்டு உறுதியுடன். பிரேக்டவுனையும் வசனத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பது. புதிதாக வருபவர் பழைய எபிசோடுகளைப் பார்த்து முடிக்கும்வரை யாரையும் கொல்லவோ நீக்கவோ கூடாது. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரை எழுதிய டக்ளஸ் மார்லண்ட் தொடரின் வரலாற்றை முதலில் படிக்கச் சொன்னவர். அதைத் தொழில்விதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அரை மணி நேரத்துக்குத் திரும்பினால் போதும் என்பவர்களும் உண்டு. உதவும், ஆனால் அது மட்டும் போதாது. 1987 முதல் அரை மணி நேரமாகவே ஓடும் 'தி போல்ட் அண்ட் தி ப்யூட்டிஃபுல்' ஒரே குடும்பத்தின் ஒரே காதல் முக்கோணத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவந்திருக்கிறது. நிமிடத்தைக் குறைக்கும்போதே கதைக்குள் இரண்டாவது, மூன்றாவது குடும்பத்தையும் வேரூன்றவைக்க வேண்டும்.