குழுவைக் கலைப்பதா, குழுவுக்குள் நுழைவதா?

ஆத்தங்குடிக் கல் எனப்படும் செட்டிநாட்டுத் தரைக்கல்லுக்கான பூ வடிவத்தைக் கணினியில் வரையும்போது, 8 இதழ்கள், நடுவட்டம், ஓரக்கொடி ஆகிய எல்லாவற்றையும் ஒரே குழுவாகக் கட்டிவைப்பது என் வழக்கம். பிறகு ஓர் இதழின் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், குழுவைக் கலைத்துத் திருத்தி மீண்டும் சேர்ப்பது ஒரு வழி. கலைக்காமல் உள்ளே நுழைந்து திருத்துவது மற்றொரு வழி.

இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகிய இரு வரைகலை மென்பொருள்களிலும் குழுவின்மேல் இருமுறை சொடுக்கினால் உள்ளே நுழையலாம். இல்லஸ்ட்ரேட்டர் வெளியே உள்ளவற்றை மங்கலாக்கிப் பூட்டிவிடுவதால், பக்கத்துக் கல்லின் கொடி கைதவறி நகர்வதில்லை. எஸ்கேப் விசை வெளியே கொண்டுவந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால், நுழையாமலேயே ஓர் இதழைத் தேர்ந்தெடுக்கலாம், அவசரத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். இதழ்களை ஒன்றுக்கொன்று நேராக்கவும் உள்ளே போவது உதவும். வெளியிலிருந்து சீரமைத்தால் பூ முழுவதும் ஒரே கட்டியாக நகரும்.

கலைப்பதில் உள்ள இடர், எது மேலே எது கீழே என்ற அடுக்கு குலைவது. மீண்டும் சேர்க்கும்போது உறுப்புகள் யாவும் அவற்றுள் மேலே உள்ளதன் இடத்துக்கு ஏறிவிடுவதால், கலைத்த நிலையில் இடையே செருகிய கோட்டைச் சேர்க்க மறந்தால் அது அடியில் போய்விடும். இல்லஸ்ட்ரேட்டரில் குழு முழுமைக்கும் கொடுத்த ஒளிபுகு அளவும் கலைத்தவுடன் போய்விடும்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து திறந்த வடிவங்களில் பலவேளை குழுவுக்குள் குழு அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் நுழைந்துகொண்டே போவது, செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று கடந்து அடுக்களையைத் தேடுவதைப் போன்றது. அங்கு மட்டும் தயங்காமல் கலைத்துவிடுகிறேன்.