புதுக் கடை பிடிப்பதா, பழைய பாக்கி வசூலிப்பதா?

வீட்டில் முறுக்கு, தட்டை சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர் தொழிலைப் பெரிசாக்க நினைத்தால், கையில் இருக்கிற நேரத்தை எதில் போடுவது?

புதுக் கடை தேடிப் போவதில் ஒரு உற்சாகம் இருக்கிறது. விற்பனை கூடும், எண்ணெயும் மாவும் மொத்தமாக வாங்கினால் விலை கொஞ்சம் இறங்கும், சரிதான். ஆனால் மாதம் 1 லட்சத்துக்குச் சரக்கு போட்டு 45 நாள் கடன் கொடுக்கிறீர்கள் என்றால், எப்போதும் ஒன்றரை லட்சம் வெளியே நிற்கும். விற்பனை இரட்டிப்பானால் அது 3 லட்சம், அந்தக் கூடுதல் பணத்தைக் கந்து வட்டிக்கு வாங்கிப் போட்டால் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

வசூலுக்கு அலைவது அலுப்பான வேலை, முகம் சுளிப்பார்கள் என்ற பயம் வேறு. ஆனால் வரும் பணத்துக்கு வட்டி கிடையாது. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இலவசம்தான், அதைச் செய்துவைத்த சிறு உற்பத்தியாளருக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் துணை நிற்கிறது: எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் சட்டம் பேச முடியாது என்பது வேறு விஷயம், அவரிடம் 'பழசைக் கொடுத்தால் புதுச் சரக்கு' என்பதுதான் நடக்கும்.

என் ஓட்டு வசூலுக்கே. வாரத்தில் இரண்டு நாள் அதற்கு, அப்புறம் புதுக் கடை, அதுவும் முதல் மூன்று மாதம் ரொக்கத்துக்கு மட்டும்.