ஒட்டாகோ ரயில் பாதையில் நான்கு நாள்: ஏற்றத்தை விடுங்கள், ஜல்லியைப் பாருங்கள்

என் அப்பா திருநெல்வேலி–திருச்செந்தூர் மீட்டர் கேஜ் பாதையில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக, இருந்தவர். காலடிச் சத்தத்தை வைத்தே ஜல்லி இறுகிக் கிடக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். சின்ன வயதில் அவர் பின்னாலேயே கட்டை தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெய்லில் சைக்கிள் ஓட்டிய நான்கு நாளும் அந்தச் சத்தம்தான் என் காதில் இருந்தது.

இது நியூசிலாந்தின் தென் தீவில், கிளைட் ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர் போகிறது. ரயில் 1891-ல் மிடில்மார்ச்சை எட்டியது, கிளைடுக்கு வர 1907 ஆகிவிட்டது. கடைசிக் காலத்தில் கிளைட் அணை கட்டுவதற்கான சாமான்களைச் சுமந்துதான் இந்தப் பாதை பிழைத்துக் கிடந்தது. அந்தச் சுமையும் தீர்ந்ததும் 1990-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, 2000-ல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் திறந்துவிட்டார்கள். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. கட்டணமும் இல்லை.

நானும் மனைவியும் டனீடனில் இருக்கிறோம். போன நவம்பர் கடைசியில் கிளம்பினோம். போவதற்கு முன் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ரயில் போன வழி, ஏற்றமே தெரியாது." அது உண்மை. ஐம்பது அடிக்கு ஓர் அடிக்கு மேல் எங்கேயும் ஏறாது. ஆனால் அந்த வார்த்தையை நம்பி நான் என் சொந்த சைக்கிளையே கொண்டுபோனேன், 32 மில்லிமீட்டர் டயரோடு. மனைவி 2.2 அங்குல டயர் போட்ட மலைச் சைக்கிளை வாடகைக்கு எடுத்தாள். நான்கு நாளும் அவள் எனக்கு முன்னால்தான் போனாள்.

கிளைடிலிருந்து அலெக்சாண்ட்ரா வரை எட்டு கிலோமீட்டர். தரை நன்றாக இறுகி, சிமெண்ட் போட்டது மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் காட்டு தைம் செடி ஊதாவாகப் பூத்து, வெயில் ஏற ஏற அந்த வாசம் தூக்கியது. இதையே பார்த்துவிட்டு மிச்சமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சாட்டோ க்ரீக் தாண்டி டைகர் ஹில்லை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் புதிதாக ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தார்கள், இன்னும் அமுங்கவில்லை. முன் சக்கரம் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் வழுக்குகிறது. ஏற்றம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, மூச்சு வாங்கியது ஜல்லியால்தான்.

அங்கேதான் இறங்கி நின்று பார்த்தேன். பாதை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. சக்கரங்கள் போய்ப் போய் இரண்டு கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டில் நுண்ணிய மண் படிந்து இறுகி, லேசாக வெளுத்துத் தெரிகிறது. நடுவிலும் ஓரத்திலும் கோலிக்குண்டு அளவு கல் குவிந்து, அடர்ந்த சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. வெளுத்த கோட்டில் போனால் 'சர்ர்' என்று ஒரே சீரான சத்தம், கல்லில் ஏறினால் 'மொறுமொறு' என்று உடைந்த சத்தம். சத்தம் மாறினால் ஹேண்டிலைப் பிடித்து இழுக்காமல், உடம்பைத் தளர்த்தி, பெடலை மட்டும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டயர் காற்றை 70 பிஎஸ்ஐயிலிருந்து 45-க்கு இறக்கினேன். அப்புறம்தான் கை நடுக்கம் நின்றது. அதை நான் கிளைடிலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பாதையின் உச்சம். ஓமகாவிலிருந்து லாடர் தாண்டியதும் மனுஹெரிகியா ஆற்றுப் பாலம், அப்புறம் பூல்பர்ன் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இரண்டு சுரங்கம். ஒவ்வொன்றும் சுமார் 200 மீட்டர். உள்ளே விளக்கு கிடையாது, டார்ச் கட்டாயம் வேண்டும். நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெயிலில் இருந்து உள்ளே போனதும் கண்ணுக்குத் தரை தெரியாது, அந்தத் தரையோ மேடும் பள்ளமும். நடுவில் நின்று டார்ச்சை அணைத்துப் பார்த்தோம். குளிர்ந்த கல் வாசம், எங்கோ சொட்டும் தண்ணீர், தூரத்தில் ஒரு நகம் அளவு வெளிச்சம். வெளியே வந்தால் 37 மீட்டர் உயரத்தில் பூல்பர்ன் பாலம். பலகை பாவி, கைப்பிடி வைத்திருக்கிறார்கள். பலகை மேல் சக்கரம் ஓடும்போது பழைய ரயில் மாதிரியே தடதடக்கிறது. இந்த ஒரு இடத்துக்காகவே வரலாம்.

மாலையில் ஐடா பள்ளத்தாக்கின் நேர்கோட்டுப் பாதையில், கண்ணுக்கெட்டிய தூரம் ஆடு மட்டுமே தெரியும் இடத்தில், மனைவியின் பின் டயரில் காற்று இறங்கியது. காட்டு ரோஜா முள். முள்ளை எடுத்தேன், ட்யூபை மாற்றினேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்றடிக்கப் போனால் வாடகைக் கடைக்காரர் பையில் வைத்திருந்த பம்ப் மெல்லிய வால்வுக்கானது. ட்யூபில் இருந்ததோ கார் டயர் மாதிரி தடித்த வால்வு. என் பம்பும் மெல்லிய வால்வுக்கானதுதான். போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் எதிர்க்காற்றில் நின்ற பிறகு வந்த ஒரு வயதான தம்பதி பம்ப் கொடுத்து உதவினார்கள். கடைக்காரரிடம் கடைசி நாளில் சொன்னபோது வருத்தப்பட்டார், பாதி வாடகையைத் திருப்பியும் தந்தார். சைக்கிளில் குறையே சொல்ல முடியாது: கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது, சீட்டும் நல்ல சீட். எங்கே வாடகைக்கு எடுத்தாலும் கிளம்புவதற்கு முன் அவர்கள் தரும் பம்பை அந்த ட்யூபிலேயே மாட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

ஒட்டுரேஹுவாவில் தங்கினோம். பக்கத்திலேயே ஹேய்ஸ் பட்டறை இருக்கிறது, வேலிக் கம்பி இழுக்கும் கருவிக்குப் பெயர் பெற்றது. அரை நாள் ஒதுக்குங்கள். அங்கிருந்து வெடர்பர்ன் போகும் வழியில் 618 மீட்டர், இந்தப் பாதையின் மிக உயர்ந்த இடம். பலகை இல்லையென்றால் கவனிக்கவே மாட்டீர்கள். ரான்பர்லி, வைப்பியாட்டா பக்கமெல்லாம் தரை நன்றாக இருந்தது, சொல்ல அதிகம் இல்லை. காற்றுதான் படுத்தியது.

வழியில் பழைய கேங்மேன் கொட்டகைகள் நிற்கின்றன. உள்ளே அந்தப் பகுதியின் கதையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கலாம். ஓஃபிர் என்ற ஊர் இந்தப் பாதைக்கு மிகப் பக்கம், அங்கே 1995 ஜூலையில் மைனஸ் 21.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்தக் குளிரில் கடப்பாரை பிடித்த கைகளை நினைத்துப் பார்த்தேன். ஒரு கொட்டகையில் இருந்து வீடியோ அழைப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். 84 வயது. பள்ளத்தாக்கைக் காட்டினேன், மலையைக் காட்டினேன். "அதெல்லாம் இருக்கட்டும்யா, கீழ காமி" என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொடி ஜல்லி போட்டிருக்கான். ரெண்டு மழை பெஞ்சா அமுங்கிரும்" என்றார்.

கடைசி நாள் ஐம்பது கிலோமீட்டர். ஹைட் ஊரைத் தாண்டி, சாலையோரம் ஒரு நினைவுச் சின்னம். 1943 ஜூன் 4-ல் குரோம்வெல்லில் இருந்து வந்த ரயில் வளைவில் அதிவேகமாகப் போய்த் தடம் புரண்டு 21 பேர் இறந்துபோனார்கள். நின்று பார்த்துவிட்டுத்தான் போனோம்.

முந்தின இரவு நல்ல மழை. மிடில்மார்ச்சுக்குப் போகும் அந்தக் கடைசித் தட்டைப் பாதையில், வலது பக்கம் ராக் அண்ட் பில்லர் மலைத்தொடர் கூடவே வர, ஜல்லி இறுகி சத்தமே இல்லாமல் ஓடியது. சேறும் இல்லை. என் 32 மில்லிமீட்டர் டயரும் முதல் முறையாக மனைவியின் சைக்கிளுக்கு ஈடாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் 45 மில்லிமீட்டர் டயருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். மார்ச்சில் மறுபடி போகிறோம், இந்த முறை மிடில்மார்ச்சிலிருந்து கிளைடுக்கு.