பழைய பிரெஞ்சுச் சுவரொட்டி வாங்கப் போறீங்களா? இதை வாசிச்சிட்டுப் போங்கோ

அண்ணா பாரிஸுக்கு வந்து முதன்முதல் கோப்பை கழுவிய ரெஸ்டோரண்டில், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி தொங்கியதாம். கறுப்புப் பின்னணியில் பச்சைப் பேய் ஒன்று போத்தலைத் திறக்கிற படம். மொறன் கினா என்ற மதுவுக்காக லியோனெத்தோ கப்பியெல்லோ 1906இல் வரைந்தது. அந்தப் பேயைப் பற்றி அண்ணா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருசம் அடுப்படியில் நின்று இப்போதுதான் சொந்த வீடு வாங்கியிருக்கிறார். அவருடைய குசினிச் சுவருக்கு அதையே கொடுக்க வேண்டுமென்று எனக்கு ஆசை.

பழம்பொருள் சந்தை ஒன்றில் கிடைத்தது. 60க்கு 40 சென்டிமீற்றர். ஓரமெல்லாம் பழுப்பேறி, வலப்பக்கக் கீழ்மூலையில் ஈரம் பட்ட கறை. "1906இல் அச்சடித்தது மதாம், மூடிய ஒரு கஃபேயிலிருந்து எடுத்தது" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். 240 யூரோவைக் காசாய்க் கொடுத்தேன். ரசீதை வாசிக்காமல் பைக்குள் வைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

பிரேம் போடுகிறவர் படத்தைப் பார்த்ததுமே பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். பேயின் பச்சை முழுக்க நீலமும் மஞ்சளுமாய் ஒழுங்கான சின்னப் புள்ளிகள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லில் வரைந்து அச்சடிப்பார்கள்; கல்லச்சில் நிறம் மணல் தூவியது போல ஒழுங்கில்லாமல் படியும், இப்படி வரிசைப் புள்ளி வராது. பிறகு கண்ணாடியை அந்த ஈரக் கறைமேல் நகர்த்தச் சொன்னார். கறையிலும் புள்ளிகள்! கறையையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். தெருச் சுவருக்காக அச்சடித்த மூலச் சுவரொட்டி ஏறக்குறைய 160க்கு 120 சென்டிமீற்றர் என்று அவர் சொன்னபோது எனக்குக் கைகால் சோர்ந்துவிட்டது.

திரும்பிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் 'ஸ்தில் 1900' என்று இருந்தது. 1900 பாணி என்று அர்த்தம்.

பிரான்ஸில் 1981 மார்ச் 3ஆம் திகதி ஆணை ஒன்று இருக்கிறது. கலைப்பொருளையோ சேகரிப்புப் பொருளையோ வாங்குகிறவர் கேட்டால், அதன் தன்மை, காலம் எல்லாம் எழுதிய ரசீதை விற்கிறவர் கொடுத்தே ஆகவேண்டும். பொருளின் பெயருக்குப் பின்னால் காலத்தை மட்டும் எழுதினால், அந்தக் காலத்தில் செய்தது என்று அவர் உறுதி கொடுத்ததாகும். முன்னால் 'ஸ்தில்' என்ற ஒரு சொல் வந்தால் அந்த உறுதி இல்லை. இணையத்தில் வாங்கினால் இருக்கிற 14 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும், கடையில் நேரே வாங்கியதற்குக் கிடையாது. வாயால் சொன்னதை நான் எப்படி நிரூபிப்பது?

புதுப் பிரதியைப் பிரதி என்று சொல்லி விற்பதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எண்ணெயும் நீராவியும் படுகிற குசினிக்கு அதுதான் பொருத்தமும். ஆனால் புதுத்தாளை நூறு வருசத் தாள் என்று சொல்லி விற்பது களவு. 'ஸ்தில்' இல்லாமல் வருசத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கோ. தயங்கினால் காசை வெளியே எடுக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். அதே மேசையில் இன்னொரு பச்சைப் பேய். வலப்பக்கக் கீழ்மூலையில் அதே கறை.