ஸ்ப்ளெண்டரும் என் இடது காலும்

2011இல் சேலத்தில் ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ் வாங்கினேன். 2006 மாடல், எனக்கு முன் ஒருவர் ஓட்டிய வண்டி. என் கைக்கு வந்த பிறகு ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வண்டியின் மைலேஜைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எந்த நேரத்தில் கியரை மாற்றுவது என்பதை இது எனக்குக் கற்றுக்கொடுத்த விதத்தை மட்டும் எழுதுகிறேன். அதைக் கற்க எனக்கு நான்கு வருடங்கள் ஆயின. கொஞ்சம் மந்தம்தான்.

லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே வண்டி ஓட்டப் பழகியிருந்தேன். ஆனால் எட்டுப் போட ஒரு கியர் போதும். மற்ற கியர்களைப் பற்றி எனக்கு மாமா சொன்னது ஒரே வரி: "சீக்கிரம் டாப் கியருக்குப் போய்விடு, பெட்ரோல் மிச்சமாகும்." அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் நான்காவது கியர். வேகத்தடை ஏறி இறங்கினாலும் நான்காவதுதான். முப்பதில் போனாலும் நான்காவதுதான். வண்டி திணறும்போது ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்குவேன். அதுவும் முக்கி முனகி எப்படியோ போய்ச் சேரும்.

ஸ்ப்ளெண்டரின் எஞ்சின் 97.2 சிசி, ஒற்றை சிலிண்டர். இவ்வளவு சின்ன எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் இழுக்கும். மெதுவாகச் சுழலும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு திறந்தாலும் பலம் வராது. ஒவ்வொரு வெடிப்புக்கும் பிஸ்டன் அடி வாங்குகிறது, செயின் வெட்டி வெட்டி இழுபடுகிறது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பட்டறை அண்ணன் ஒருவர், நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டி அழுதுகொண்டே வருகிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றார். எனக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. செயினும் பற்சக்கரமும் சீக்கிரமே தேய்ந்துபோனதற்குச் செயின் செய்த கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்க வைத்தது ஆத்தூர் ரோடு. ஜவ்வரிசி எடுத்துச் சேலத்துக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். 25 கிலோ மூட்டை இரண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அயோத்தியாப்பட்டணத்துக்கு முன்னால் ஒரு லாரி நாற்பதில் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு காலி என்று நினைத்து, நான்காவது கியரிலேயே வலதுபக்கம் ஏறி ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்தேன். வண்டி அசையவே இல்லை. லாரியின் பின்சக்கரத்துக்கு நேராகவே ஓடிக்கொண்டிருக்கிறேன். எதிரே பஸ்ஸின் முகப்பு விளக்கு ஒரு முறை மின்னுகிறது. பிரேக்கைப் பிடித்து லாரிக்குப் பின்னால் ஒடுங்கியபோது கால் நடுங்கியது. அன்றைக்கு மூன்றாவதுக்கு இறக்கிவிட்டு ஏறியிருந்தால் லாரியைத் தாண்டிப் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரத்துக்கு வந்திருப்பேன். வேகம் ஐம்பதைத் தொடும்வரை மூன்றாவது இழுக்கும். எஞ்சின் கத்தத்தான் செய்யும். கத்தட்டும்.

அதன் பிறகுதான் கியரை ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. ஏற்றுவது தவறினால் கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் பெட்ரோலும்தான் நஷ்டம். இறக்கத் தவறினால், வேண்டிய நேரத்தில் வண்டி கைகொடுக்காது.

என் வண்டியின் ஸ்பீடோமீட்டரில் எந்த கியருக்கு எவ்வளவு வேகம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் அதைப் பார்த்துப் பழகலாம். எனக்குச் சரிப்பட்ட கணக்கு இது: முதல் கியர் வண்டி நகரும்வரை, பத்து வேகம் வந்தால் அதன் வேலை முடிந்தது. இரண்டாவது இருபது, இருபத்தைந்து வரை. மூன்றாவது நாற்பது வரை. அதற்கு மேல்தான் நான்காவது. ஆனால் இது ஒற்றை ஆள், சமதளம், எதிர்க்காற்று இல்லாத கணக்கு. பின்னால் மூட்டையோ மனைவியோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தோ பத்தோ கூடும். மேம்பாலம் ஏறும்போது கணக்கே வேறு. ஆகவே முள்ளைப் பார்ப்பதை மெல்ல விட்டுவிட்டேன். ஸ்ப்ளெண்டரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர்.

காதோடு கண்ணாடியும் உண்டு. கியர் பெரிதாக இருந்து வேகம் போதாதபோது கைப்பிடிக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரியும். கால் வைக்கும் ரப்பரில் தட்தட் என்று ஓர் அடி ஏறும். ஒரு கியர் இறக்கினால் சத்தம் கூடி அதிர்வு அடங்கும், கண்ணாடியில் பின்னால் வருபவரின் முகம் தெளியும். இதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு முப்பதில் நான்காவது கியர் போடுவது எனக்கே அருவருப்பாகிவிட்டது.

ஏற்காடு மலைப்பாதை அடுத்த பாடம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை வளைவுக்கு உள்ளே போய்க் கியரை இறக்க முயன்று, கிளட்சைப் பிடித்தபடி வண்டி பின்னால் சரிய, மனைவி குதித்து இறங்கிவிட்டாள். மீதி வளைவுக்கு நடந்தே வந்தாள். வளைவு கண்ணில் பட்டதுமே, வண்டி நேராக இருக்கும்போதே இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். உள்வளைவு செங்குத்தாக இருந்தால் முதலாவதுக்கே வந்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு கிளட்சில் கை வைக்கவே கூடாது. இறங்கும்போது நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பிரேக் டிரம்மிலிருந்து கருகல் வாடை. மிதித்தால் பிடிப்பு இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. பிரேக் துணைக்கு மட்டும்தான்.

கிளட்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெரிசலில் அரை கிளட்சில், அதாவது கிளட்ச் லீவரைப் பாதி பிடித்தபடி, ஊர்வது என் பழைய வியாதி. ஒருநாள் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. பிளேட் தேய்ந்துவிட்டது. அதனால் நெரிசலில் முதல் கியரில் விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் தானாக நகர விடுங்கள். லீவரின் நுனியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதால், கார் எண்ணெய் மிச்சமிருக்கிறதென்று அதை ஊற்றிவிடாதீர்கள். கிளட்ச் வழுக்கும்.

இன்னொன்று. ஸ்ப்ளெண்டரில் எல்லாக் கியரும் முன்னங்காலால் கீழே அமுக்குவது, இறக்கக் குதிகால். அக்காள் மகனின் 150 சிசி வண்டியில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. அதை ஒருநாள் வாங்கி ஓட்டினேன். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போவதாக நினைத்து அமுக்க, அது இரண்டாவதில் விழுந்தது. எஞ்சின் அலற, பின்சக்கரம் ஒரு முழம் இழுத்துக்கொண்டு போனது. ஒருமுறை கற்றுக்கொண்டதைக் கால் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. வேறு வண்டியை எடுக்கிறவர்கள் காலியான தெருவில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

சில மாதங்களுக்கு முன் கியர் மிதியைக் கழற்றி மாற்றினேன். முதல் நான்கு வருடம் ஓட்டிய மிதியும் பட்டறையின் பழைய டப்பாவில் கிடந்தது. அதில் முன்பக்க ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்க, குதிகால் பக்கத்துப் பூச்சு கடையில் வாங்கியதுபோலவே இருந்தது. இப்போது கழற்றியதில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தது.

இன்னும் ஒன்று மட்டும் கைவரவில்லை. ஐந்து ரோடு சிக்னலில் நான்காவதிலேயே வந்து நின்றுவிட்டால், நின்ற வண்டியில் கியர் இறங்க மறுக்கிறது. வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, கிளட்சை இம்மியளவு விட்டுப் பிடித்து, குதிகாலால் தட்டி, நியூட்ரலின் பச்சை விளக்கு எரிவதற்குள் சிக்னலின் பச்சை எரிந்துவிடுகிறது. பின்னால் ஹாரன்.