புளோரிடாவில் வீடு கட்ட: நகராட்சி ஆய்வாளரா, தனியாரா?

புளோரிடாவில் 2002-இல் வந்த சட்டப்படி, பிளான் சரிபார்ப்பையும் கட்டுமான ஆய்வையும் தனியாரிடம் ஒப்படைக்கலாம்.

நகராட்சி என்றால் தனியாக ஆள் தேட வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் புயலுக்குப் பிறகு ஊரே கூரை மாற்றும்போது வரிசை நீளும். அஸ்திவாரக் கம்பி கட்டியாயிற்று, கான்கிரீட் லாரிக்கும் சொல்லியாயிற்று; ஆய்வாளர் கம்பியைப் பார்க்காமல் ஊற்ற முடியாது. ஒரு நாள் தள்ளிப்போனால் கூலி தண்டம்.

தனியாரின் பலம் அங்கேதான்: நமக்குத் தோதான நேரத்தில் வருவார். அவர் வேலையில் தவறினால் நட்டத்தை ஈடுகட்டும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு அவருக்குக் கட்டாயம். தன் நிறுவனமே வரைந்ததை, கட்டியதை அவர் சரிபார்க்கக் கூடாது. ஆனாலும் ஆய்வு செய்பவருக்குக் காசு கொடுப்பது நாம்தானே? எனக்கு அது உறுத்தல்தான்.

சின்னக் கூரை வேலைக்கு நகராட்சியே போதும். கடன் வட்டி ஓடும் பெரிய கட்டடத்துக்குத் தனியார். எந்த வழியானாலும் பெர்மிட்டும் குடியேறும் சான்றிதழும் நகராட்சி கையில்தான். தனியாரின் வேலையைத் தணிக்கை செய்யவும் அதற்கு உரிமை உண்டு.