எட்டாம் நம்பர் நெலட்டான் டியூப்: பையன்களுக்கு ஒத்துவருமா?

கோவை, ஈரோடு பக்கம் சர்ஜிக்கல்ஸ் கடையில் 'யூரின் டியூப்' என்று மட்டும் கேட்டால் உள்ளேயே தங்கும்படி பலூன் வைத்த ஃபோலி டியூபைக்கூட எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மூத்திரப் பாதையில் பிறவிச் சவ்வடைப்பு, அதாவது போஸ்டீரியர் யுரேத்ரல் வால்வ் உள்ள சில பையன்களுக்கு, சவ்வை நீக்கிய பிறகும் மூத்திரப் பை முழுசாகக் காலியாகாது. தினமும் நாலைந்து வேளை டியூப் போட்டு எடுக்கச் சொன்னால், அதற்கு வேண்டியது பலூன் இல்லாத நெலட்டான்.

பின்முனையின் நிறம்தான் அளவு: 6 இளம்பச்சை, 8 நீலம், 10 கறுப்பு. நம்பரை மூன்றால் வகுத்தால் தடிமன் மில்லிமீட்டரில் வரும்; எட்டாம் நம்பர் சுமார் 2.7. டாக்டர் எழுதியது ஸ்டாக் இல்லையென்று பக்கத்து நம்பரை வாங்கிவராதீர்கள். ஆறில் வடிய நேரமாகும், பிள்ளை பாதியில் எழுந்துவிடுவான்.

தரம் தெரிவது நுனியருகே உள்ள இரண்டு கண்களில், அதாவது மூத்திரம் டியூபுக்குள் புகும் துளைகளில். மட்டமான சரக்கில் ஓரம் பிசிறாக இருக்கும், ரத்தம் கசிய அதுவும் ஒரு காரணம். ஒரு டியூபைச் சோதனைக்கென்று ஒதுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். சுரண்டினால் மீதியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

நீளம் 40 செ.மீ. இருக்கிறதே என்று முழுசையும் உள்ளே தள்ளக் கூடாது. மூத்திரம் வந்ததும் இன்னும் 2 செ.மீ., அவ்வளவுதான். மிஞ்சினால் பைக்குள் சுருண்டு முடிச்சு விழும். பால் புகட்டும் மெல்லிய ஃபீடிங் டியூபை இதற்குப் போட்டால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வால்வ் பையன்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பைக்குக் கீழே பாதை அகன்று, பையின் கழுத்து உயர்ந்து நிற்பதால் நுனி அங்கேயே மடங்கிக்கொள்ளும். டியூப் போய்க்கொண்டே இருக்கும், சொட்டு வராது. அப்போது தள்ளாமல் உருவிவிட்டு டாக்டரைக் கேளுங்கள். வளைந்த நுனியுள்ள டீமேன் டியூப் இவர்களுக்குச் சுலபம், அதையும் அவர் சொன்ன பிறகே வாங்குங்கள். வழியில் இறுகினால், "மூச்சை இழுத்து உடு சாமி" என்று சொல்லிக் காத்திருந்தால் பெரும்பாலும் இளகும்.

தேங்காயெண்ணெய், வாஸ்லைன் இரண்டும் வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல்லி மட்டும். எடுக்கும்போது மெதுவாக உருவி, மறுபடி ஒழுகினால் அங்கேயே நிறுத்துங்கள். அடியில் தேங்குவதுதான் காய்ச்சலுக்கு வழி.

ஒவ்வொரு வேளையும் அளந்து எழுதுங்கள். வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் பையின் உத்தேசக் கொள்ளளவு. ஆறு வயதுக்கு 240 மி.லி. அதைத் தாண்டி வந்தால் இடைவெளி நீண்டுவிட்டது. ராத்திரி முழுக்க வடியவிட நெலட்டான் உதவாது, நழுவிவிடும். அதற்குத்தான் ஃபோலி.